ஒரே பள்ளியின் இரு மாணவர்

தம்மைச் சிறையிலிட்ட பிரதம மந்திரியும் தாமும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள் என்ற விசித்திரம் நம் தலைவர்களுள் யாருக்கு வாய்த்தது, தெரியுமா?

லண்டன் அருகே குன்றின்மீது நிற்கும் ஹாரோ பள்ளியின் நுழைவுப் பரீட்சையில், லத்தீன் வினாத்தாளுக்கு விடையாகத் தம் பெயரையும், முதல் வினாவின் எண்ணையும், ஒரு மைக்கறையையும் தவிர வேறொன்றும் எழுதாமலே, தலைமையாசிரியரின் தயவால் இடம் பெற்று, கடைசி வகுப்பில் நெடுநாள் உழன்றவர் வின்ஸ்டன் சர்ச்சில். இதைப் பிற்காலத்தில் அவரே எழுதினார். சுவைக்காகச் சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம்.

அவர் வெளியேறிப் பல்லாண்டுகள் கழிந்தபின், 1905-ல் அதே பள்ளியில் சேர்ந்த அலகாபாத் வழக்கறிஞரின் புதல்வருக்கு, நன்கு படித்தமைக்காகப் பரிசாகக் கிடைத்தது, இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் சரித்திரம். ஆங்கிலப் பள்ளிக்கு, பாவம், பின்விளைவு தெரியவில்லை! அந்நூலில் உள்ளம் பறிகொடுத்து, அதன் மற்றப் பாகங்களையும் தேடிப் பெற்றுப் படித்த அம்மாணவர்தாம் ஜவாஹர்லால் நேரு.

'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை அடுத்து, 1942-ல் சர்ச்சிலின் ஆட்சி அவரை ஆமதுநகர்க் கோட்டையில் அடைத்தது. 1945 ஜூன் மாதத்தில்தான் அவர் விடுதலை பெற்றார்.