கல்யாணக் கேசட்டை டிவிடியில் ஏற்றுவது எப்படி?

ஒரகடம் பக்கம் சேரப்பணஞ்சேரியில் பழைய பீரோவைத் திறந்தால் 1990-களின் கல்யாணக் கேசட் அகப்படலாம். அதைப் பிரதி எடுக்க ஏன் அவசரம்? நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை ஈரக்காற்றில் சிதைகிறது, பூஞ்சையும் படர்கிறது. கேசட்டை ஓட்டும் கருவியான விசிஆரைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது.

எப்படி மாற்றுவது? விசிஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைக் கணினியின் கேப்சர் கார்டில் செருக வேண்டும். நொடிக்கு 25 படங்களாக வரும் அனலாக் சிக்னலை அது எண்களாக்கும். அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிபி பிடிக்கும்; சாதாரண டிவிடியின் கொள்ளளவோ 4.7 ஜிபி. அதனால்தான் எம்பெக்-2 சுருக்கம். மணமேடையின் பின்திரை அசையாது. எனவே ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த படங்களில் மாறியதை மட்டும், அதாவது தாலி கட்டும் கையை, தலையாட்டும் நாயனக்காரரைக் குறித்துக்கொள்கிறது. அட்சதை விழும்போது திரை முழுவதும் மாறுவதால், காட்சி கட்டம் கட்டமாக உடையும்.

வெட்டி ஒட்டும் வேலையைச் சுருக்கத்துக்கு முன்பே முடியுங்கள். பிறகு வெட்டினால் மறுபடி சுருக்க நேர்ந்து தெளிவு குறையும்.

டிவிடியில் லேசர் எழுதுவது சாயப் படலத்தின் மேல். வெயிலில் அது கெடும். ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.