வயிற்றில் குத்துக்காயமா? முதல் ஊசிதான் முக்கியம்!

சித்தையன்கோட்டை பக்கம் போயிருக்கிறீர்களா? திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் இருக்கும் பேரூர். வயலும் தென்னந்தோப்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சிக்குள்ளேயே சில ஆபத்துகளும் உண்டு. தென்னை மரத்திலிருந்து வழுக்கி, கீழே இருக்கும் வேலிக்கம்பின் மேல் விழலாம். கை தவறிய அரிவாள் பாயலாம். தொழுவத்தில் கட்டியிருக்கும் மாடு மிரண்டு முட்டலாம். தை பிறந்தால் புகையிலைப்பட்டி, கொசவபட்டி, மதுரைப் பக்கம் அலங்காநல்லூர், பாலமேடு என்று ஜல்லிக்கட்டு வேறு! டவுனில் இருப்பவர்களுக்கும் விலக்கில்லை. உடைந்த கண்ணாடிக் கதவும், விபத்தில் முறிந்த வண்டிக் கைப்பிடியும்கூட வயிற்றைக் கிழிக்கும்.

"ரத்தம் நின்னுடுச்சு. சின்ன ஓட்டைதான். மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாம்" என்று நினைத்தீர்களோ, அங்கேதான் வினை ஆரம்பம். வயிற்றுக் குத்துக்காயத்தில் ஆன்டிபயாடிக் மருந்து உயிர் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்த மருந்து, எப்போது, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளுக்கும் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே ஒரு அங்குலம், உள்ளே எவ்வளவோ!

மாடு குத்துவதோடு நிற்பதில்லை. தலையை உலுக்கித் தூக்கி எறியும். அதனால் தோலில் சின்னத் துவாரம்தான் தெரியும். உள்ளே கொம்பு இரண்டு மூன்று திசைகளில் புகுந்து புறப்பட்டிருக்கும். கொம்பு நுனியில் ஒட்டியிருக்கும் மண்ணும் சாணமும் உள்ளே போய்விடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து நம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருங்குடலில் உள்ள மலத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் 10,000 கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. குடலுக்குள் இருக்கும் வரை அவை சாதுக்கள். குடலில் ஓட்டை விழுந்து வெளியே கசிந்தால்? வீட்டுக்குள் கழிவுநீர்க் குழாய் உடைந்த கதைதான்!

கசியும் கிருமிகளில் இரண்டு கூட்டம் முக்கியமானது. ஒன்று ஈ.கோலி வகையறா. இவை வேகமாகப் பெருகி, ரத்தத்தில் கலந்து, காய்ச்சலும் மயக்கமுமாக ஆளைச் சாய்த்துவிடும். இன்னொன்று பாக்டீராய்டிஸ் என்ற, காற்று வேண்டாத கிருமிகள். இவை அமைதியாக ஒளிந்திருந்து, சில நாட்கள் கழித்து வயிற்றுக்குள் சீழ்க்கட்டியை உண்டாக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரே டாக்டர்!" என்று குடும்பத்தார் திகைப்பது பல நேரம் இதனால்தான்.

எந்த மருந்து?

ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட்டில் லாஸ் வெண்டாஸ் என்ற புகழ்பெற்ற காளைச் சண்டை அரங்கம் இருக்கிறது. அதன் வாசலில் 1964-ல் ஒரு சிலை வைத்தார்கள். யாருக்குத் தெரியுமா? 1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு! கொம்புக் குத்துப் பட்ட வீரர்கள் பலரைப் பிழைக்க வைத்த மருந்துக்குக் காளைச் சண்டைக்காரர்கள் செய்த நன்றி அது.

ஆனால் வயிற்றுக் காயத்தில் வெறும் பென்சிலின் போதாது. பாக்டீராய்டிஸ் கிருமி பென்சிலினையே உடைத்துப் போடும் ரசாயனத்தைச் சுரக்கிறது. அதனால் மேலே சொன்ன இரண்டு கூட்டத்தையும் சேர்த்து அடிக்கிற மருந்துதான் தேவை. டாக்டர்கள் இதை இரண்டு வழிகளில் செய்கிறார்கள்.

ஒன்று, இரட்டை மருந்து. செஃபோடாக்சிம் அல்லது செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஈ.கோலி வகையைக் கவனிக்கும். கூடவே டிரிப்ஸில் ஏற்றும் மெட்ரோனிடசோல் காற்று வேண்டாத கிருமிகளைக் கவனிக்கும்.

இரண்டு, இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் ஊசி. அமாக்சிசிலின்-கிளாவுலனேட், ஆம்பிசிலின்-சல்பாக்டம், செஃபாக்சிடின் போன்றவை இந்த ரகம்.

ஜென்டாமைசின் என்ற பழைய ஊசியை இப்போது யோசித்துத்தான் போடுகிறார்கள். ரத்தம் நிறைய இழந்து ஷாக்கில் இருப்பவருக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ரத்தத்தில் மருந்தின் அளவும் போதுமான உயரத்துக்கு வராமல் போகலாம்.

"இதைவிட பவர்ஃபுல் மருந்து இருக்காமே, அதைப் போடுங்க டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். மெரோபெனம் போன்றவை, மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் கடைசி ஆயுதங்கள். நம் நாட்டில் ஈ.கோலி கிருமி பல மருந்துகளுக்கு ஏற்கெனவே அடங்குவதில்லை. தங்கள் ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்த்துத்தான் டாக்டர் தேர்ந்தெடுக்கிறார்.

எப்போது?

இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. 1961-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜான் பர்க் கினிப்பன்றிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிருமி உள்ளே நுழைந்த நேரத்தை ஒட்டி மருந்து கொடுத்தபோது நல்ல பலன். 3 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது கொடுத்தும் ஒன்றுதான், கொடுக்காததும் ஒன்றுதான்!

மனிதர்களிடமும் கிட்டத்தட்ட இதே கதைதான். வயிற்றில் குத்துக்காயம், குண்டுக்காயம் பட்டவர்களைப் பற்றி 1972-ல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஆன்டிபயாடிக் போடப்பட்டவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் சீழ் பிடித்தது. ஆபரேஷன் நடக்கும்போது ஆரம்பித்தவர்களில் 33 சதவீதம். முடிந்த பிறகு ஆரம்பித்தவர்களில் 30 சதவீதம். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

காயம் பட்டதிலிருந்து முதல் ஊசி வரை ஆகும் நேரம் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சித்தையன்கோட்டையில் காயம் பட்டால் செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவேண்டும். வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு அனுப்பினால், என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு அந்தச் சீட்டு தங்கம்.

இன்னொன்று. ரத்தம் கொட்டும்போது ஊசி மருந்தும் அதோடு சேர்ந்து போய்விடும். அதனால்தான் ரத்தம் அதிகம் இழந்தவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே மறுபடி மருந்து ஏற்றுகிறார்கள்.

எத்தனை நாள்?

இங்கேதான் பல குடும்பங்களில் சண்டையே வரும். "நேத்துதான் ஆபரேஷன், இன்னைக்கு ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டாங்க. கவனிக்கவே மாட்டேங்கறாங்க!"

அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் விபத்து அறுவை மருத்துவர் சங்கங்களில் ஒன்றான 'ஈஸ்ட்' 1998-ல் வகுத்து, 2012-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதுதான்: ஆபரேஷனுக்கு முன் ஒரு டோஸ். திறந்து பார்த்ததில் குடல், இரைப்பை எதிலும் ஓட்டை இல்லையென்றால் அத்தோடு சரி. ஓட்டை இருந்து தைத்திருந்தால் 24 மணி நேரம் வரை. அவ்வளவுதான்!

குடலில் ஓட்டை விழுந்த 317 பேரிடம் 24 மணி நேர மருந்தையும் 5 நாள் மருந்தையும் ஒப்பிட்டு 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. தொற்று ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதிக நாள் போட்டால் கிடைப்பது வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும், வீண் செலவும்தான்.

ஆனால் ஒரு விஷயம். காயம் பட்டு வெகுநேரம் கழித்து, வயிற்றுக்குள் சீழ் பிடித்த பிறகு வந்தால் கணக்கே வேறு. அது தடுப்பு இல்லை, சிகிச்சை. சீழை வெளியேற்றி, ஓட்டையை அடைத்த பிறகு வழக்கமாக 4, 5 நாட்கள் மருந்து தேவைப்படும். எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

எந்த ஆன்டிபயாடிக்கும் ஓட்டையை அடைக்காது என்பதையும் மறக்காதீர்கள். அது சர்ஜனின் வேலை.

வீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

* உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.
* குத்திய கம்பியோ கத்தியோ உள்ளேயே இருந்தால் பிடுங்காதீர்கள். ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம்.
* குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து மூடுங்கள்.
* மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்பாதீர்கள்.
* சோடா, காப்பி, தண்ணீர், மாத்திரை என்று வாய் வழியாக எதுவும் வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.
* பென்சிலின் அலர்ஜி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
* ஆன்டிபயாடிக் போட்டாலும் ரண ஜன்னிக்கான ஊசி தேவையா என்று தனியாகக் கேளுங்கள். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று அல்ல.
* மண்ணீரலை எடுத்திருந்தால், நிமோனியா போன்றவற்றுக்கான தடுப்பூசிகளை எப்போது போடவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
* வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், வாந்தி, வயிறு உப்புசம், விடாத விக்கல், தையலில் சிவப்பு அல்லது சீழ் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய மாத்திரை அட்டையைத் தேடாதீர்கள். அது காய்ச்சலை மட்டும் மறைக்கும். உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும்.

சரியான மருந்து, சீக்கிரமாக, கொஞ்ச நாளைக்கு மட்டும். நோயாளியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார்!