குசினிச் சுவரில் காஸ் அலாரம்: எங்கே பூட்டுவது, எப்படிப் பேணுவது

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் விறகு ஒரு செலவாகவே தெரிந்ததில்லை. காவோலையும் பன்னாடையும் பனைமட்டையும் வளவுக்குள்ளேயே கிடந்தன. இடம்பெயர்ந்து இரவற் காணியிலோ முகாமின் ஓர் அறையிலோ குடியிருக்க வேண்டி வந்தபோது விறகையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அதனாற் பல குடும்பங்கள் காஸ் அடுப்புக்கு மாறின. வலிகாமம் வடக்குக்குத் திரும்பியவர்களிற் பலரும் அந்த அடுப்போடுதான் திரும்பினர். அடுப்பு மாறியதேயன்றிக் குசினி மாறவில்லை. தகரத்தால் அடைத்த, ஒரே வாசலுள்ள, பக்கத்திற் பாய் விரித்துப் பிள்ளைகள் படுக்கும் சிறிய இடந்தான். அந்த இடத்தில் காஸ் கசிந்தால் ஓசை எழுப்பி எச்சரிக்கும் கருவியைப் பற்றி இங்கு பார்ப்போம். கடைகளிற் காஸ் அலாரம் என்று கேட்டாற் போதும்.

2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்புகளும் குழாய்களும் வெடித்ததும் தீப்பற்றியதும் நினைவிருக்கும். ஜனாதிபதி நியமித்த விசாரணைக் குழு, சிலிண்டரில் அடைக்கப்பட்ட வாயுக்களின் விகிதம் மாறியதையே முதன்மைக் காரணமாகக் கண்டது. காஸ் என்று நாம் சொல்வது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. பியூட்டேனின் அமுக்கம் குறைவு. புரொப்பேனின் அமுக்கம் அதைவிடப் பல மடங்கு கூடியது. எங்களைப் போன்ற வெப்பநாட்டிற் பியூட்டேன் கூடுதலாகச் சேர்ப்பதே வழக்கம். புரொப்பேனின் பங்கு கூடினால், அதுவரை தாக்குப்பிடித்த பழைய வால்வும் றெகுலேற்றரும் கசியத் தொடங்கலாம். வீட்டுக்காரர் ஒன்றையும் மாற்றாமலே ஆபத்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

அதே டிசம்பரில் இன்னொரு செய்தியும் வந்தது. மணச் சேர்மானம் போதாது என்பதற்காக ஒரு கப்பலில் வந்த எரிவாயு ஏற்றுக்கொள்ளப்படவில்லை. காஸுக்கு இயல்பில் மணமில்லை. அழுகிய கோவா போன்ற அந்த நாற்றம் எதைல் மேர்கப்ரான் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருவது. நாங்கள் மூக்கை நம்பி வாழ்கிறோம். மூக்கோ அந்தச் சேர்மானத்தை நம்பியிருக்கிறது. மூக்கிலும் குறைகள் உண்டு. ஒரே மணத்தைச் சிறிது நேரம் முகர்ந்தால் அது பழகிப்போய்த் தெரியாமற் போகும். வயது சென்றவர்களுக்கு மணம் அறியும் சக்தி குறையும். கொரோனாக் காய்ச்சலின் பின் அதை இழந்து, முற்றாகத் திரும்பப் பெறாதவர்களும் உள்ளனர். நித்திரையில் இருப்பவருக்கு மூக்கு உதவுமென்று சொல்லவே முடியாது. கருவியின் பயன் இங்கேதான்.

ஆனாற் கையில் உள்ள பணம் கொஞ்சமானால், அதை முதலிற் கருவிக்குச் செலவிட வேண்டாம். வெடிப்புக் கண்ட றப்பர் குழாயை மாற்றுவதும், குழாயின் இரு முனைகளுக்கும் நல்ல கிளிப் போடுவதும், நிலமட்டத்தில் ஒரு காற்றுவழி விடுவதும் முதற் செலவு. கருவி கசிவை அறிவிக்குமே தவிர நிறுத்தாது. குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சவர்க்கார நுரையைப் பூசுங்கள். கசிவுள்ள இடத்திற் குமிழி வரும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும்.

எங்கே பூட்டுவது

கருவி வாங்கியவர்கள் கூடுதலாகப் பிழைவிடுவது இதிலேதான். மின்குமிழைப் பூட்டுவதுபோலக் கண்ணுக்குத் தெரியும் உயரத்திற் பூட்டிவிடுகிறார்கள். சிலிண்டரிலுள்ள காஸ் காற்றைவிடப் பாரமானது. புரொப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு பாரம். கசிந்தால் அது தண்ணீரைப் போல நிலத்திற் படர்ந்து, பள்ளமான இடத்திற் போய்த் தேங்கும். வாசற்படிகூட அதை மறித்து வைக்கும்.

இதைச் சிறு கணக்காற் பார்க்கலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள குசினியை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் கலந்தாற் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அறை முழுவதும் சமமாகக் கலப்பதானால் அதற்கு ஒரு கிலோ அளவில் காஸ் வேண்டும். நிலத்தோடு ஓரடி உயரத்திற்கு மட்டும் படர்ந்து நின்றாலோ கால் இறாத்தலுக்குச் சற்று மேலே போதும். பெரிய சிலிண்டரில் 12.5 கிலோ இருக்கிறது. தலைக்கு மேலே பூட்டிய கருவி அமைதியாக இருக்கும்போதே, பாயிற் படுத்திருக்கும் பிள்ளையின் மட்டத்தில் ஆபத்து நிரம்பி நிற்கலாம்.

ஆகவே சிலிண்டர் காஸுக்கு நிலத்திலிருந்து ஒரு சாணுக்கும் ஓரடிக்கும் இடைப்பட்ட உயரத்திற் பூட்டுங்கள். அதற்குக் கீழே வைத்தால் நிலம் கழுவும் தண்ணீரும், மண் நிலமாயின் சாணகம் மெழுகும்போது தெறிப்பதும் கருவிக்குள் போகும். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் அண்மையில், ஆனால் அடுப்பின் வெக்கையும் எண்ணெய்ப் புகையும் நேரே படாமல், மூன்றடி தொடக்கம் பன்னிரண்டடிக்குள் இருக்க வேண்டும். யன்னலுக்குக் கீழே வைத்தால் வெளிக்காற்று காஸைத் தள்ளிவிடும். அலுமாரிக்குப் பின்னாலோ அரிசி மூட்டைக்குப் பின்னாலோ வைத்தால் காஸ் அங்கே வந்து சேர நேரமெடுக்கும். தகரச் சுவரானால் ஒரு பலகைத் துண்டை முதலில் இறுக்கி, அதன்மேற் கருவியைப் பூட்டுவது நல்லது. தகரம் வெயிலிற் காயும், காற்றில் அதிரும்.

மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. சாண எரிவாயுவில் எரிவது மீதேன். அது காற்றிலும் மிக இலேசானது. ஆனால் அதனுடன் காபனீரொட்சைட்டும் மூன்றிலொரு பங்களவிற் கலந்திருப்பதால், மொத்தத்தில் அந்த வாயு காற்றைவிடச் சற்றே இலேசு. அது மேலெழுந்து கூரைப் பக்கம் சேரும். எனவே அந்தக் குசினியிற் கருவி கூரையிலிருந்து ஓரடி கீழே இருக்க வேண்டும். ஒரே குசினியில் இரண்டு அடுப்பும் இருந்தால் இரண்டு கருவி தேவை. வாங்கும்போது எந்த வாயுவுக்கு அமைத்தது என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

கிணறு பற்றியும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாகப் பாழடைந்து கிடந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கும் வேலை காணிக்குத் திரும்பியவர்களுக்கு முதல் வேலையாக இருக்கும். காஸ் அலாரத்தைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று யாரும் எண்ணக்கூடாது. பாழ்கிணற்றில் ஒட்சிசன் குறைந்திருந்தால் இக்கருவி சொல்லாது. கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்ட எஞ்சின் கக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை. காற்றிலே நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் இருந்தாற்றான் அது தீப்பற்றும். ஆளைக் கொல்லவோ ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே போதும். எரியும் அளவை மனதில் வைத்துச் செய்த கருவி அந்தச் சிறிய அளவுக்கு ஓசை எழுப்பாது. எஞ்சினை மேலேயே வையுங்கள்.

எப்படி வேலை செய்கிறது

வீட்டுக் கருவிகளிற் பெரும்பாலானவற்றின் உள்ளே வெள்ளீய ஒட்சைட்டுப் பூசிய ஒரு சிறு உறுப்பு உண்டு. ஜப்பானைச் சேர்ந்த நவொயோஷி தகுச்சி 1962இற் கண்டுபிடித்தது இது. மின்சாரத்தால் அவ்வுறுப்பு எப்போதும் சூடாக வைக்கப்படுகிறது. நல்ல காற்றில் அதன் மேற்பரப்பில் ஒட்சிசன் ஒட்டிக்கொண்டு, மின் பாய்வதைத் தடுக்கும். எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஒட்சிசனைப் பறித்துவிடும், மின் இலகுவிற் பாயும், ஓசை எழும். தீப்பற்றும் அளவின் பத்திலொரு பங்கு தொடக்கம் ஐந்திலொரு பங்கு வரை காஸ் சேர்ந்ததுமே பொதுவாக அலறத் தொடங்கும். கதவைத் திறக்க நேரம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள்.

சூடாக இருந்தாற்றான் வேலை செய்யும் என்பதால், மின்சாரம் நின்றாற் கருவியும் நின்றுவிடும். 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. அப்படியான இரவிற் சுவரிலிருப்பது வெறும் பெட்டிதான். குப்பி விளக்கு எரிவதும் அதே இரவில்தான். வசதியுள்ளவர்கள் 12 வோல்ற்றில் இயங்கும் வகையை வாங்கி, சூரியத் தகட்டின் பற்றரியோடு இணைக்கலாம். இயலாதவர்கள் மின்சாரம் நின்றதும் றெகுலேற்றரை மூடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பியதும் கருவி சூடேறச் சில நிமிடங்கள் செல்லும். அப்போது அது தரும் ஓசையையோ அமைதியையோ நம்ப வேண்டாம். பல வாரம் நிறுத்தி வைத்த கருவி ஒழுங்குக்கு வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

இந்த உறுப்புக்குக் காஸையும் பிற ஆவிகளையும் நன்றாகப் பிரித்தறியத் தெரியாது. தூளுக்கு மிளகாய் வறுக்கும் நாளிலும், எண்ணெய் பொங்கும்போதும், கை துடைக்கும் அற்ககோல் திரவம் சிந்தினாலும், நுளம்பு மருந்து அடித்தாலும் அது அலறக்கூடும். அந்தத் தொல்லை பொறுக்காமற் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள். இப்படி மறப்பதனாற் கருவி பயனற்றுப் போவதே கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். கழற்றாமல் அடுப்பிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளிப் பூட்டுவதே வழி.

பேணுவது

மாதம் ஒருமுறை மின்னை நிறுத்தி, காய்ந்த மெல்லிய துணியால் அல்லது மெல்லிய தூரிகையால் வாய்ப்பகுதியைத் துடையுங்கள். ஒட்டறை, எறும்பு, பல்லி முட்டை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அங்கே சேரும். குளவி மண்கூடு கட்டித் துளைகளை முழுதாக அடைத்துவிடவும் கூடும். ஈரத் துணியோ சவர்க்காரமோ ஆகாது. சிலிக்கோன் கலந்த மெருகெண்ணெய், ஸ்பிறே, பொருத்துப் பசை என்பனவற்றை அருகே பாவிக்க வேண்டாம். சிலிக்கோன் ஆவி அந்த உறுப்பின் மேற் படிந்துவிட்டால் அது மீளாது. வெளியே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; உள்ளே உணர்வு செத்துப் போயிருக்கும். குசினிக்குப் பெயின்ற் அடிக்கும்போது கருவியைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஓசை வரும். அது மணியும் மின்சுற்றும் நல்லது என்பதை மட்டுமே காட்டும். வாயுவை அறியும் உறுப்பு உயிரோடிருக்கிறதா என்று காட்டாது. அதைப் பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா அடுப்பையும் விளக்கையும் அணைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, சிகரெற் லைற்றரைப் பற்றவைக்காமல் அதன் காஸை மட்டும் ஒன்றிரண்டு நொடி வாய்ப்பகுதிக்கருகே விடுங்கள். ஓசை வந்து, காற்றோட்டத்தில் அடங்க வேண்டும். அதிகம் விடுவதால் உறுப்பு கெடும். விளையாட்டாகப் பிள்ளைகள் செய்ய விடாதீர்கள்.

பொதுச் சமையற்கூடம், வெதுப்பகம், முன்பள்ளிக் குசினி போன்ற இடங்களிற் பல சிலிண்டர்கள் சேர்ந்திருக்கும். இங்கு தொழிற்சாலை வகைக் கருவியைச் சிலர் பூட்டுகிறார்கள். அதன் உள்ளே காஸை எரித்துச் சூட்டை அளக்கும் சிறு மணி இருக்கும். அதற்கு லைற்றர்ச் சோதனை கூடாது. அளவு தெரிந்த சோதனை வாயுவைக் கொண்டு, ஆண்டில் இரண்டு தடவையாவது பயிற்சி பெற்றவர் ஒருவர் அளவு திருத்த வேண்டும். அதற்கு ஆளும் வாயுவும் கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்பே வாங்குவது புத்தி. இத்தகைய இடங்களிற் பொறுப்பு எல்லாருடையதும் என்றிருந்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஒருவரின் பெயரைக் குறித்து, கொப்பி ஒன்றிலே திகதியும் சோதனையும் எழுதிவரச் செய்யுங்கள்.

ஓசை வந்தால் எரிகிற நெருப்பை அணையுங்கள். நுளம்புத்திரியையும் சாமிப்படத்து விளக்கையும் மறக்க வேண்டாம். மின் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். தொலைபேசியை வெளியே போய் எடுங்கள். றெகுலேற்றரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியேற்றுங்கள். நாற்றம் கடுமையாக இருந்தால் மூடுவதற்கென்று உள்ளே நிற்காமல் எல்லாரும் வெளியேறிவிடுங்கள். முகாமிலும் நெருக்கமான குடியிருப்பிலும் பக்கத்துக் குடும்பத்தையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். தகரத்தின் அடியால் காஸ் அவர்களிடமும் போயிருக்கும். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம். காஸ் நிலத்திற் கிடப்பதால் வாசலைத் திறந்தவுடனே போய்விடாது. ஓசை அடங்கி, நாற்றமும் போன பிறகு, சவர்க்கார நுரையால் கசிவைக் கண்டுபிடித்துத் திருத்தும் வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

கருவிக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலும் ஐந்து தொடக்கம் ஏழு ஆண்டு. பின்புறத்தில் திகதி அச்சிட்டிருக்கும். பூட்டிய பின் அது சுவர்ப்பக்கம் மறைந்துவிடும் என்பதால், பூட்டும் அன்றே மாற்ற வேண்டிய ஆண்டை முன்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.