சூரியனைக் காணாத நாட்கள்

என் உத்தியோக காலத்தில் நான் எழுதிய கடிதங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் திரும்பப் பெற இயலுமானால் இன்றே பெற்றுக் கிழித்துப் போடுவேன். இன்றைய பேச்சு அந்தக் கடிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம். என் பழைய மாணவன் ஒருவன் ஸ்வீடன் தேசத்தின் வடபகுதியிலுள்ள உமியோ நகரத்திலிருந்து எனக்கு எழுதியிருந்தான். அவன் கோவில்பட்டிக் கரிசல் காட்டுப் பிள்ளை. தந்தை தீப்பெட்டித் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். பையன் உபகாரச் சம்பளம் பெற்று மேற்படிப்புக்குச் சென்றபோது எங்கள் பள்ளியே விழாக் கொண்டாடியது. அவன் எழுதியிருந்தது இதுதான்: “ஐயா, காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பத்து மணி நேரம் உறங்கியும் களைப்புத் தீரவில்லை. ரொட்டியும் இனிப்புமே தின்னத் தோன்றுகிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வகுப்புக்குப் போய் இருபது நாட்களாகின்றன. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைக்கிறேன்.”

நான் அப்பொழுது தலைமையாசிரியர். தலைமையாசிரியருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் தெரியும். “உன் தந்தை விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறார். நீ மெத்தையில் புரண்டுகொண்டு சோர்வு என்கிறாய். இதற்குத் தமிழில் சோம்பல் என்று பெயர்” என்று பதில் எழுதினேன். அவன் பிறகு எனக்கு எழுதவில்லை. அந்தப் பருவத் தேர்வில் அவன் தேறவில்லை என்பதைச் சில மாதங்கள் கழித்து அவன் தந்தை வாயிலாக அறிந்தேன். அப்பொழுதும் என் மனம் அசையவில்லை; நான் சொன்னது சரியாயிற்று என்றே எண்ணினேன்.

2018இல் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு நவம்பரில், நார்வே நாட்டின் டிரோம்சோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த என் மகள் என்னைத் தன்னோடு சில மாதங்கள் வந்து தங்குமாறு அழைத்தாள். முப்பது ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவனுக்குத் துருவ இரவை நேரில் காணும் வாய்ப்பு! குல்லாயும் கம்பளிச் சட்டையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

துருவ இரவு என்பது என்ன? ஓர் எலுமிச்சம்பழத்தின் நடுவே ஈர்க்குச்சி ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். அதனை விளக்கின் முன் நேராகப் பிடியாமல், குச்சியின் மேல்முனை விளக்கைவிட்டு விலகும்படி சற்றே சாய்த்துப் பிடித்துச் சுழற்றுங்கள். பழத்தின் உச்சிப் பகுதி எவ்வளவு சுழன்றாலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால் டிசம்பர் மாதத்தில் வடதுருவப் பகுதியின் நிலையும் அதுவே. கோவில்பட்டியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் சுமார் 11½ மணி நேரம் நீடிக்கும். லண்டனில் அது எட்டு மணிக்கும் குறைவு. ஆஸ்லோவில் ஆறு மணிக்கும் குறைவு. டிரோம்சோவோ ஏறத்தாழ 69½ பாகை வடக்கில், துருவ வட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. சுற்றிலும் மலைகள் மறைப்பதால், ஊர் மக்கள் அதன் முகத்தைக் காண ஜனவரி 21 வரை காத்திருக்கிறார்கள்.

முழு இருட்டு என்று எண்ணிவிடாதீர்கள். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் அடிவானத்தின் கீழிருந்து மங்கிய ஒளி பரவும். பனி மூடிய மலைகளெல்லாம் நீல நிறம் கொள்ளும். முதல் வாரம் அதனைக் கண்டு வியந்தேன். இரண்டாம் வாரம் ஜன்னலருகே போவதை நிறுத்தினேன். மூன்றாம் வாரத்தில் காலை பத்து மணி வரை போர்வைக்குள்ளேயே கிடந்தேன். என் வாழ்நாளில் ஐந்து மணிக்குப் பின் உறங்கியவனல்லேன். மகள் வாங்கி வைத்திருந்த இனிப்பு ரொட்டிகளைக் கணக்கின்றித் தின்றேன். அவள் பேசினால் எரிச்சல், பேசாவிட்டால் வருத்தம். ஒருநாள் அவள், “அப்பா, உடம்புக்கு என்ன செய்கிறது?” என்று கேட்டாள். “எழுந்திருக்க முடியவில்லை அம்மா, பத்து மணி நேரம் உறங்கியும் களைப்புத் தீரவில்லை” என்றேன். சொல்லி முடிக்குமுன் உமியோவிலிருந்து வந்த கடிதம் நினைவுக்கு வந்தது. அதே சொற்கள்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்த நிலைக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு. பருவகால மனச்சோர்வு என்று நாம் கூறலாம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1984ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார்கள். சாதாரண மனச்சோர்வில் பெரும்பாலும் உறக்கம் கெடும், பசி குறையும். இதிலோ உறக்கம் மிகும். மாவுப் பண்டங்களிலும் இனிப்பிலும் ஆசை பெருகும். உடல் எடை கூடும். இலையுதிர் காலத்தில் தொடங்கி, வசந்தத்தில் தானே விலகும். அடுத்த ஆண்டும் அதே காலத்தில் திரும்பி வரும். இந்தக் கடைசி அடையாளம் முக்கியமானது.

எனினும் இதை முதன்முதல் கவனித்தவர்கள் 1984ஆம் ஆண்டினர் அல்லர். 1898இல் பெல்ஜிக்கா என்ற ஆராய்ச்சிக் கப்பல் தென்துருவக் கடலின் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. மே மாதத்தில் மறைந்த சூரியன் ஜூலை இறுதி வரை தலைகாட்டவில்லை. மாலுமிகளின் முகம் வெளிறியது, இருதயம் படபடத்தது, உணவு வெறுத்தது, சிலருக்குச் சித்தம் கலங்கியது. ஒருவர் இறந்தும் போனார். கப்பலின் வைத்தியர் பிரெடரிக் குக் என்ற அமெரிக்கர். செடிகள் ஒளியின்றி வாடுவதுபோல் மனிதரும் வாடுகின்றனர் என்று அவர் கருதினார். நோயாளிகளைக் கொழுந்துவிட்டெரியும் அடுப்பின் முன் நாள்தோறும் உட்கார வைத்தார். பெங்குவின், சீல் ஆகியவற்றின் புதிய இறைச்சியை வற்புறுத்தி உண்ணச் செய்தார். தலைவருக்கு அவ்விறைச்சி சிறிதும் பிடிக்கவில்லை, மறுத்தார், நோயில் விழுந்தார், பிறகு உண்டார். மாலுமிகள் தேறினர். அவர்களுக்கு இருந்த நோயில் பெரும்பகுதி வைட்டமின் ‘சி’ குறைவால் வரும் ஸ்கர்வி என்று இன்று நாம் அறிவோம். அதனைத் தீர்த்தது இறைச்சியே. அடுப்பின் ஒளி எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆயினும் இருட்டையே ஒரு நோய்க் காரணமாகக் கொண்டு ஒளியை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த அந்த வைத்தியரின் கூர்மையை மெச்சாமல் இருக்க முடியாது. பின்னாளில் வடதுருவத்தை அடைந்ததாகச் சொல்லி அவர் பெயரைக் கெடுத்துக்கொண்டது வேறு கதை.

ஒளி எவ்வாறு மனத்தைத் தொடுகிறது? நம் ஒவ்வொருவருடைய மூளையிலும், கண்ணரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஒரு கடிகாரம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது இருபத்துநான்கு மணி நேரத்தைவிடச் சற்றே மெதுவாக ஓடும் கடிகாரம். நாள்தோறும் அதனைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். பார்ப்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை அந்தக் கடிகாரத்துக்குத் தெரிவிப்பதற்கென்றே கண்ணின் விழித்திரையில் தனி அணுக்கள் இருப்பதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விஞ்ஞானிகள் கண்டனர். இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. 1958இல் ஆரன் லெர்னர் இதனைப் பிரித்தெடுத்தார். காலை வெளிச்சம் கிட்டாவிடில் கடிகாரம் பின்தங்குகிறது. எட்டு மணிக்கு நாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க, உடலோ இன்னும் நள்ளிரவு என்று நம்பிக்கொண்டிருக்கிறது. இது மட்டுமே முழுக் காரணம் என்று அறிஞர் சொல்வதில்லை. ஆனால் என் மாணவனைப் பிடித்திருந்தது சோம்பல் அன்று என்பதற்கு இது போதும்.

விளக்கு எரிகிற அறையில் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். நம் ஊர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மின்விளக்கிட்ட வீட்டு அறையில் சில நூறு லக்ஸுக்கு மேல் இராது. நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் இந்தப் பெரிய வேற்றுமை நமக்குத் தெரிவதில்லை. மூளைக் கடிகாரத்துக்குத் தெரிகிறது. ஆகவேதான் 10,000 லக்ஸ் ஒளி தரும் தனி விளக்குகள் செய்திருக்கிறார்கள். காலையில் எழுந்தவுடன் சுமார் அரை மணி நேரம் அதன் முன் அமர வேண்டும். உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திரிகை படிக்கலாம். தோலைக் கறுக்கச் செய்வதற்கென்று விற்கிற புற ஊதா விளக்குகள் இதற்கு ஆகா. அவை கண்ணையும் தோலையும் கெடுப்பவை. உமியோ நகரில் 2012ஆம் ஆண்டில் சுமார் முப்பது பேருந்து நிறுத்தங்களிலேயே இத்தகைய ஒளி விளக்குகளை அமைத்தார்கள். என் மாணவன் வாழ்ந்த ஊர் அது! அந்த ஊரார் ஒரு தேவையாக மதித்ததை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து நான் சோம்பல் என்றேன்.

குளிர்காலத்தில் உடல்நலம் குன்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சளியும் காய்ச்சலும் குளிர் பட்டதனால் மட்டும் வருவதில்லை. கதவடைத்த அறைகளில் மக்கள் நெருங்கியிருப்பதாலும், வறண்ட காற்றில் கிருமிகள் நெடுநேரம் நிலைப்பதாலும் அவை பரவுகின்றன. வைட்டமின் ‘டி’யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை நம் தோல் வெயிலின் உதவியால் தயாரித்துக்கொள்கிறது. வடநாடுகளின் குளிர்காலத்தில் சூரியன் தோன்றினாலும் தாழ்ந்த சாய்வில் வரும் கதிர்களில் அதற்கு வேண்டிய சக்தி இல்லை. நம்மைப்போல் கருமை மிகுந்த தோல் உடையவர்களுக்கு வெளிர்தோல் உடையவர்களைவிட அதிக வெயில் வேண்டும். ஆகையால் அங்கே செல்லும் நம்மவருக்குக் குறைவு எளிதில் வரும். எலும்பும் தசையும் நோகும். நார்வே மக்கள் ஆங்கிலப் பெயரில் ‘ஆர்’ எழுத்து வருகிற மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, நாளுக்கொரு கரண்டி மீன் ஈரல் எண்ணெய் குடிப்பது பழைய வழக்கம். நான் சைவன், மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை உண்டேன். அது எலும்புக்கு நல்லது. மனச்சோர்வுக்கு அதுவே மருந்து என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டியதில்லை.

மற்றொன்று. நான் இருளை நொந்துகொண்டு முடங்கிக் கிடந்த அதே ஊரில், பக்கத்து வீட்டு மூதாட்டி, எழுபதைத் தாண்டியவர், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் பனியில் சறுக்கிச் சென்றார். “உங்களுக்கு இந்தக் காலம் வருத்தமாக இல்லையா?” என்று மகள் மூலம் கேட்டேன். அவர் என் கேள்வியையே விசித்திரமாகப் பார்த்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, காபியைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்கு ஏற்ற காலம் இதுதானே என்றார். அவ்வூரில் செய்த ஆய்வுகளிலும், குளிர்காலத்தில் தூக்கக் கேடு மிகுவதாகத் தெரிந்ததே ஒழிய, மனத்துயர் நாம் எதிர்பார்க்கிற அளவுக்கு மிகுவதாகத் தெரியவில்லை. பிறந்தது முதல் பழகியவர்களுக்கும் புதிதாகச் செல்பவருக்கும் வேற்றுமை உண்டு. ஆனால் அவர்களும் சூரியனுக்கு ஏங்காதவர்கள் அல்லர். நார்வேயின் ரியூக்கன் என்ற பள்ளத்தாக்கு ஊரில் ஆண்டில் ஆறு மாதம் வெயில் விழுவதில்லை. மக்கள் மலையேறிச் சூரியனைக் கண்டுவர 1928இல் கம்பிவடத் தொட்டில் அமைத்தனர்; 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை இறக்கினர். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஊரார் அதைத் திருப்பித்தான் சொல்ல வேண்டும்.

மகள் விளக்கு ஒன்று வாங்கினாள். நண்பகல் நீல ஒளியில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டுமென்று விதித்தாள். மறுத்தால் இனிப்பு ரொட்டி கிடையாது. பத்து நாட்களில் விடியுமுன் எழலானேன். விடிவு என்பதே இல்லாத ஊரில் இதைச் சொல்வது வேடிக்கை.

உங்களில் சிலர் நாளை கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ படிக்கச் செல்வீர்கள். அக்டோபரிலேயே நடக்கத் தொடங்குங்கள், வாடும்வரை காத்திராதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எழ இயலாமலும், படிக்க இயலாமலும் போனால் கல்லூரி மருத்துவரிடம் செல்லுங்கள். பேச்சு முறைச் சிகிச்சையும் மருந்துகளும் உள்ளன. உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தாலோ ஒருநாளும் தாமதியாமல் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆசிரியரிடம் முதலில் எழுதிக் கேட்க வேண்டாம்.

2020 ஜனவரி 21. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்து தென்திசையை நோக்கி நின்றனர். வீடுதோறும் சூரிய ரொட்டி என்று ஒரு பண்டம். மலைகளின் இடையே சில நிமிடம் ஒரு மஞ்சள் கீற்று. வெயிலைத் திட்டியே அறுபது ஆண்டுகளைக் கழித்த நான் குல்லாயைக் கழற்றிவிட்டு நின்றேன். அன்று மாலை உமியோ முகவரிக்கு எழுதினேன். நடந்ததைச் சொல்லி, மூன்றாண்டுகளுக்கு முன் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. உடன் தங்கியிருந்த ஒருவன் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றதையும், அந்தப் பருவத்தை மீண்டும் படித்துத் தேறியதையும், அவ்வூரிலேயே வேலையில் அமர்ந்ததையும் எழுதியிருந்தான். என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முடிவில் மட்டும் இப்படி இருந்தது: “ஐயா, தங்களுக்குக் கண்புரை உண்டு என்று அப்பா சொன்னார்கள். ஒளி விளக்கின் முன் அமருமுன் கண் மருத்துவரைக் கேட்டீர்களா? மாத்திரைகள் ஏதேனும் உண்கிறீர்களானால் அவற்றையும் சொல்ல வேண்டும். கேட்காமல் செய்யலாகாது.”

நான் கேட்டிருக்கவில்லை. மறுநாளே சென்று கேட்டேன்.