உங்களுக்குத் தெரியுமா? ஏழுக்கு எண்ணும் ராக்

ராக் பாட்டுக்கு வழக்கமான தாளக் கணக்கு நான்கு. அதை உடைத்து 5, 7, 11 என்று போவது மேத் ராக்; அமெரிக்கச் சிறு குழுக்கள் 1990களில் வளர்த்த வகை. சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை: மிஸ்ர சாபு தாளம் 3+4, கண்ட சாபு தாளம் 2+3. அவ்வளவுதான்!

அந்தக் காதுக்கு ஏற்ற ராக் நம் பக்கத்திலும் உண்டு: சுசீந்திரத்துக்கு வடக்கே கொச்சியில் 1996இல் தொடங்கிய மதர்ஜேன் குழு, கர்நாடக இசையைக் கனத்த ராக்கோடு சேர்த்தது. 2008இல் வந்த அவர்களின் ‘மக்தூப்’ ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் எலெக்ட்ரிக் கிடார், வீணைபோலக் கமகம் பேசும். விமர்சகர்கள் இதைப் புரோகிரஸிவ் ராக் என்பார்கள். பெயர் எதுவானாலும், தொடையில் தாளம் போட்டபடி கேட்க வேண்டிய ஆல்பம்.