எந்த நேரத்து வெளிச்சம்?

2019 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் ஒரு சோதனைப் பயணம் நடத்தியது. நியூயார்க்கில் இரவு ஒன்பது மணியளவில் கிளம்பிய விமானம், வழியில் எங்கும் இறங்காமல் 19 மணி 16 நிமிடம் பறந்து சிட்னியை அடைந்தது. இரவு விமானம் என்றால் சாப்பாடு முடிந்த கையோடு விளக்கை அணைப்பதுதான் வழக்கம். இதில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் விளக்குகள் எரிந்தன. காரமான உணவு பரிமாறினார்கள். பயணிகள் எழுந்து உடற்பயிற்சி செய்தார்கள். அதன் பிறகு மாவுச்சத்து மிகுந்த ஒரு சாப்பாடு, அப்புறம்தான் இருட்டு.

இந்த ஏற்பாட்டின் காரணம் மூளைக்குள் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து உண்டு. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு எல்லாம் அதன் சொல்படி நடக்கின்றன. அதற்கு வெளியுலகின் நேரத்தைச் சொல்வது, முக்கியமாக, கண்ணில் படும் வெளிச்சம்.

மனிதரின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலான சுற்றில் ஓடுகிறது. ஆகவே அதைப் பின்னுக்குத் தள்ளுவது சுலபம். முன்னுக்கு இழுப்பது கடினம். மேற்கே போகிறவரின் உடல் ஒரு நாளில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கிழக்கே போகிறவருக்கு ஒரு மணி நேரம்தான் சரியாகும். லண்டனில் சமாளித்துக்கொண்டவர் சென்னை திரும்பியதும் நாள்கணக்கில் தடுமாறுவது இதனால்தான்.

‘இறங்கியதும் வெயிலில் நில்லுங்கள்’ என்று பலரும் சொல்வதுண்டு. பாதி சரியான இந்த அறிவுரை சில சமயம் கெடுதலே செய்யும். காலை ஆறரைக்கு எழுகிறவரின் உடல் வெப்பம் ஏறக்குறைய நான்கு மணிக்கு மிகவும் தாழ்ந்திருக்கும். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பிந்தைய வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். ஒரே வெளிச்சம், எதிரெதிர் பலன்.

ஜனவரியில் லண்டனிலிருந்து சென்னைக்கு வருகிறவரை எடுத்துக்கொள்வோம். நேர வித்தியாசம் ஐந்தரை மணி. லண்டனின் அதிகாலை நான்கு என்பது சென்னையில் காலை ஒன்பதரை. முதல் நாள் ஏழு மணிக்கே கடற்கரையில் நடக்கப் போனால், உடலுக்கு அது நள்ளிரவு ஒன்றரை. கடிகாரம் லண்டனைத் தாண்டி இன்னும் மேற்கே நகரும். ஒன்பதரை வரை கறுப்புக் கண்ணாடியோ, திரை போட்ட அறையோ நல்லது. அதற்குப் பிறகு தாராளமாக வெயிலுக்கு வரலாம். மறுநாளிலிருந்து அந்த எல்லையை ஒவ்வொரு மணி நேரமாக முன்னே கொண்டுவர வேண்டும்.

குவாண்டாஸ் விமானத்தின் கணக்கும் இதுவே. அந்த மாதத்தில் சிட்னி நியூயார்க்கைவிட 15 மணி நேரம் முன்னால் இருந்தது. உடலுக்கு இது ஒன்பது மணி நேரம் பின்னால் போவதற்குச் சமம். அதுவே சுலபமான திசை. இரவு ஒன்பது முதல் மூன்று வரை எரிந்த விளக்குகள் பயணிகளின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளின. எதிர்ப்பக்கம் இழுக்கும் நேரம் நெருங்கும்போது விமானத்துக்குள் இருள் தயாராக இருந்தது.

தூக்க மாத்திரையும் மதுவும் கண்ணை மூடவைக்கலாம். கடிகாரத்தின் முள்ளை அவை திருப்புவதில்லை. மெலடோனின் என்ற ஹார்மோன் வேறு ரகம். 2002-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், பத்துச் சோதனைகளில் பெரும்பான்மையானவை அதற்குப் பலன் இருப்பதைக் காட்டின. போகும் ஊரின் படுக்கை நேரத்தை ஒட்டி அரை முதல் ஐந்து மில்லிகிராம் வரை என்பதே அதில் சொல்லப்பட்ட அளவு. வலிப்பு உள்ளவர்களும் ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இரண்டே நாளில் திரும்புகிறவருக்கு இந்தப் பாடு தேவையில்லை. சொந்த ஊர் நேரப்படியே தூங்கி எழுந்து, கூட்டங்களை அந்தப் பகல்பொழுதுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.