ஊர்ப் பொது – 9: ஏரிக்கும் ஒரு பங்கு

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் பறவை பார்க்கத்தான் போகிறார்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று குழந்தைகளுக்கு விரல் நீட்டிக் காட்டிவிட்டு, கரையோரம் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். கண்முன்னால் விரிந்து கிடப்பது ஒரு பாசன ஏரி என்பது அவர்களில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. சுமார் 30 ஹெக்டேர். மதகு உண்டு, கலங்கல் உண்டு, ஆயக்கட்டு உண்டு. பறவைகள் கூடு கட்டும் நீர்க்கடம்பு மரங்கள் ஏரித் தண்ணீருக்குள்தான் நிற்கின்றன. அவற்றின் எச்சம் கரைந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் பாயும் நிலத்துக்கு உரச் செலவு குறையும் என்பதை அந்த ஊர் விவசாயிக்கு வெளியாள் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பொழுதுபோக்குக்காக இந்த ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். இனி யாரும் சுடக்கூடாது என்று கவுல் எனும் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். 1858இல் அது மறுபடி உறுதிசெய்யப்பட்டது. கிராமத்து மக்களின் ஜீவகாருண்யம் என்று இதைப் பாராட்டி எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் கருணையை மட்டும் நம்பி யாரும் கும்பினிக் கலெக்டரின் வாசலில் போய் நிற்க மாட்டார்கள். நாரையில் அவர்களுக்கு ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கு நெல்லாகக் களத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இதே பிளேஸின் பெயர் பக்கத்து மதுராந்தகத்திலும் நிலைத்திருக்கிறது. பெருமழையில் உடையவிருந்த ஏரிக்கரையில், நள்ளிரவில் வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதை அவர் கண்டார், கரை பிழைத்தது, நேர்ந்துகொண்டபடி தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது ஏரி காத்த ராமர் கோயிலின் கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கரை உடைவது ஒரு மாவட்டத்தையே நிர்வகித்த மனிதரை ராத்திரியில் தூங்கவிடாத விஷயமாக இருந்தது என்பதே எனக்கு அந்தக் கதையில் முக்கியம்.

ஏன் தூங்கவிடவில்லை என்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் இரண்டாயிரம் ஊர்களைச் சர்வே செய்தார். ஊர்க்கணக்கர்கள் எழுதிவைத்த ஓலைகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றிலிருந்து தெரியும் ஏற்பாடு இது: அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்ததும், சர்க்காருக்கு இவ்வளவு, குடியானவனுக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்பே, அம்பாரத்திலிருந்து மேரை என்ற பங்கு எடுக்கப்பட்டது. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, வெட்டியானுக்கு, மடை திறக்கும் நீர்க்கட்டிக்கு. அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. ஊர் ஊழியத்துக்கென்று விடப்பட்ட மானிய நிலங்களில் ஏரி மானியமும் ஒன்று. கொல்லருக்கும் வண்ணாருக்கும் கூலி உண்டு என்றால் வருஷமெல்லாம் உழைத்த ஏரிக்கும் உண்டு என்று அந்த ஊர்கள் நினைத்திருக்கின்றன. கரைக்கு மண் போடவும், வரத்துக்கால் தூர்வாரவும், மதகைச் செப்பனிடவும் அந்த நெல்தான் முதல்.

இதை இன்னும் பின்னோக்கிப் பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். வேடந்தாங்கலுக்கு அருகிலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். குடத்திலிருந்து ஓலை எடுத்து யாரை, எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் நம் பாடப்புத்தகங்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். வைரமேக தடாகம் என்ற அந்த ஊர் ஏரியைப் பராமரிப்பதற்குத் தனிப் பொறுப்பாளர்கள், ஆண்டுக்கொரு முறை மாற்றம், கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது.

கும்பினி ஆட்சி காலூன்றியபோது களத்து மேரைகளில் பெரும்பகுதி வரிக் கணக்குக்குள் போய்ச் சேர்ந்தது. ஏரியை இனி சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். சர்க்கார் பார்க்கவில்லை. கரைகள் கரைந்தன, உள்வாய் மேடேறியது. அப்புறம்தான் ஊரார் ஏன் முன்போல மண்வெட்டியோடு வருவதில்லை என்ற கேள்வி அதிகாரிகளுக்கு எழுந்தது. பதிலாக வந்தது ஒரு சட்டம்: 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கலாம். வேடந்தாங்கல் கவுல் உறுதியான அதே ஆண்டு. பங்கைப் பிடுங்கிக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தால் யார் வருவார்கள்? வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர்ந்தால் இந்தத் தொடர் பழம்பெருமைப் பஜனையாகிவிடும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பகுதிக்கொரு பெயரில் அழைக்கப்பட்ட அந்த ஊழியர் பெரும்பாலும் தலித். ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவர் என்பதால் பாரபட்சமின்றித் தண்ணீர் விடுவார் என்பது ஊரின் ஏற்பாடு. நிலம் ஏன் அவருக்கு இல்லை என்று ஊர் கேட்டுக்கொண்டதில்லை. கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோனவர் ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி இறக்க முடியாது. இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமல்ல. மகாராஷ்டிரத்தின் மகாட் நகரசபை தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று 1924இல் அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது அடிதடி நடந்தது. அந்தக் குளத்தின் உரிமை பற்றிய வழக்கு முடியப் பத்தாண்டு ஆனது. ஊர்ப் பொது என்று நாம் சொல்லும்போது அந்த ஊருக்குள் யார் யார் அடக்கம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொதுவில் விட்டால் எதுவும் பாழாகும், ஆளாளுக்குச் சுரண்டிவிடுவார்கள் என்று 1968இல் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பிரபலம். அது எப்போதும் உண்மையல்ல என்று ஊர் ஊராக ஆதாரம் திரட்டிக் காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தத் துறையில் பரிசு பெற்ற முதல் பெண். வாலென்சியாவின் பாசன வாய்க்கால்களும் ஆல்ப்ஸ் மலை மேய்ச்சல் நிலமும் அவருக்குச் சான்றுகள். பலன் பெறுகிறவர்களே விதி வகுத்து, காவல் வைத்து, மீறியவரைத் தண்டிக்கும் இடங்களில் பொதுச்சொத்து நூற்றாண்டுக் கணக்கில் பிழைத்திருக்கிறது என்றார். செங்கல்பட்டு ஓலைகள் அவருடைய மேசைக்கு முன்பே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இன்று சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் கணக்கில் இருக்கின்றன. அவற்றை நாம் மறந்ததற்கு அரசை மட்டும் கைகாட்டுவது சுலபம். ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் வந்தபிறகு, வசதியுள்ள விவசாயிக்கு நீர்க்கட்டியின் தயவு தேவையில்லாமல் போனது. ஏரி நிறைந்தால்தான் கிணறு ஊறும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மோட்டார் சுவிட்ச் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வரத்துக்கால் எங்கோ இருக்கிறது. ஊரில் குரல் எடுபடக்கூடியவர்கள் ஏரியை விட்டு விலகியதும், எஞ்சியவர்கள் கூப்பிட்டு யாரும் மண்வெட்டி எடுப்பதில்லை. வரத்துக்கால் முதலில் புதர் மண்டுகிறது, பிறகு பாதையாகிறது, அப்புறம் யாருக்கோ மனையாகிறது. சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே விளக்கம் வந்து நிற்கிறது.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டெடுத்தது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் உயிரே அந்தப் பத்தில் ஒரு பங்குதான். பொக்லைன் வந்து ஒரே வாரத்தில் வாரிவிட்டுப் போகும் ஊர்களில் பார்த்தால், அந்தப் பங்கு பெரும்பாலும் காகிதத்தில்தான் சேர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. தூர்வாரிய மறுவருஷம் கலங்கலில் முளைக்கும் செடியைப் பிடுங்குவது யார் என்பதற்கு எந்த டெண்டரிலும் பதில் கிடையாது.

வேடந்தாங்கலுக்கே வருவோம். 1998 அறிவிக்கையின்படி ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை. 2020இல் அதைச் சுருக்கும் யோசனை வந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பறவைக்குப் பரிந்துபேச இன்று ஆட்கள் இருக்கிறார்கள்; மகிழ்ச்சி. நாரை இறங்காத ஏரிகளுக்கு அந்த யோகம் இல்லை.

அவற்றுக்கு வழி இல்லாமலும் இல்லை. ஊராட்சிப் பொறுப்பில் உள்ள ஏரிகளில் மீன் பாசி ஏலம் விடுகிறார்கள், கருவேல மரங்களை ஏலம் விடுகிறார்கள். அந்தப் பணம் ஊராட்சியின் பொதுக்கணக்கில் விழுந்து, தெருவிளக்கும் சிமெண்ட் சாலையுமாகக் கரைந்துவிடுகிறது. ஏரி சம்பாதித்த பணத்தில் ஏரிக்கு ஒரு பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைச் செலவு செய்யலாமே என்று கிராமசபையில் யாராவது எழுந்து கேட்கலாம். தமிழ்நாட்டில் கிராமசபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு வழக்கமாக உறுதிமொழி வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் ஏலக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: மந்தைவெளி)